மார்க்கண்டு அண்ணையின் சிவப்புக்கோட்டுத் தாள்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, ரெய்னர்ஸ் லேனில் நான் வேலை செய்யும் பெற்றோல் நிலையத்தில், பற்றுச்சீட்டு இயந்திரத்தின் தாளில் சிவப்புக் கோடு வந்தது. தாள் முடியப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். புதிய சுருளை மாட்டிவிட்டு, மிஞ்சிய முழ நீளத் துண்டைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். பத்து வருடமாக அந்தத் துண்டுகளை ஒருவருக்காகச் சேர்த்துவந்த கை, அன்றும் தானாகவே அதைச் செய்தது. கையை எடுக்கும் முன்னரே தொலைபேசி அடித்தது. மார்க்கண்டு அண்ணையின் மகள் வாசுகி.

"மாமா, அப்பா எங்களை விட்டுட்டுப் போட்டார்."

வாசலில் ஒரு வாடிக்கையாளர் மூன்றாம் இலக்கப் பம்புக்குக் காசு கட்ட நின்றுகொண்டிருந்தார். அவரை அனுப்பிவிட்டுத்தான் அழுதேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திரு. மார்க்கண்டு அவர்கள் எண்பதுகளின் நடுவில், நாற்பத்தாறு வயதில், மனைவி நேசம் அக்காவுடனும் ஒரே மகளுடனும் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல்நாள் எனக்கு இயந்திரத்தைப் பழக்கிவிட்டவர் அவரே. கட்டையான மனிதர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதிலாக நூல் கட்டியிருந்தார். ஆட்களை அதட்டத் தெரியாது, ஆனால் யாராவது அவரை அதட்டினால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஆறுதலாகப் பதில் சொல்வார். அந்த ஆறுதலைக் கண்டு முதலாளியே குரலைத் தணிப்பார்.

அவருடைய பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. வசதியில்லாமல் அல்ல. ஊர்ச் சாத்திரியார் ஓலையில் எழுதிக் கொடுத்த சாதகத்தில், இந்தப் பிள்ளைக்கு வித்தை இல்லை என்று இருந்தது. தகப்பனார் அதை நம்பினார். வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்த பையனை மறித்து, பெரியப்பாவின் சாமான் கடையில் இருத்திவிட்டார்கள். இதை அவர் என்னிடம் கோபமாகச் சொன்னதே இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போது எனக்குத்தான் கோபம் வரும்.

ஐம்பது வயதில் அவர் மாலைக் கல்லூரி ஒன்றில் ஆங்கில வகுப்பில் சேர்ந்தார். வேலைக்கு உதவும் ஆங்கிலம் என்று நான் நினைத்தேன். பார்த்தால், ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆங்கிலம்! வகுப்பில் ஒருநாள் பழைய வரிகள் சிலவற்றை வாசித்துக் காட்டினார்களாம். அதில் விதிக்கு இருந்த சொல் அண்ணையைப் பிடித்துக்கொண்டது. பிறகு விடவேயில்லை.

"பெற்றோல் அடிக்கிற எங்களுக்கு ஏன் அண்ணை செத்த இங்கிலீசு?" என்று நானும் நக்கலடித்திருக்கிறேன். இன்று அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

"செத்ததோ? கொஞ்சம் பொறும்," என்றார். "விர்ட் எண்டொரு சொல்லு. அந்தக் காலத்திலை விதிக்கு அதுதான் பேர். அதின்ரை வேர் ஆகிறது எண்ட சொல்லிலை இருக்கு. நடந்ததையும் விர்ட் எண்டுதான் சொன்னவை. வடக்குப் பக்கத்துச் சனம் கனகாலம் அதை வைச்சிருந்தவை. இப்ப அது எங்கை தெரியுமே? எங்கட வாசுகியின்ரை வாயிலை. நான் கறுப்புச் சப்பாத்துக்கு வெள்ளை மேசு போட்டால், 'அப்பா, சோ வியர்ட்' எண்டு சொல்லுறாள். பழைய விதி எங்கட குசினிக்குள்ளை வந்து நிக்குது, தம்பி!"

அவர் வேலை செய்த முறை விசித்திரமானது. கொப்பி வாங்கவில்லை. இயந்திரத்தில் மிஞ்சும் சிவப்புக்கோட்டுத் துண்டுகளை முதலாளியிடம் கேட்டு எடுத்துக்கொண்டார். ஒரு சொல்லுக்கு ஒரு சுருள். உச்சியில் அந்தச் சொல்லின் மிகப் பழைய பொருள், எந்த நூலில் எந்தப் பக்கத்தில் கண்டது என்ற குறிப்போடு. கீழே போகப் போக அது மாறிய விதம். புதிதாக ஒன்று அகப்பட்டால் இன்னொரு துண்டைப் பசையால் ஒட்டுவார். நடுவில் புகுத்த வேண்டியிருந்தால் வெட்டி ஒட்டுவார். வேலை இல்லாத நாட்களில் நூலகத்திலே கிடப்பார். துண்டுகள் போதாமல் போகும் என்று என்னுடைய ஷிப்டில் மிஞ்சியவற்றையும் சேர்த்துவைக்கச் சொன்னார். எல்லாச் சுருளையும் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் அடுக்கியிருந்தார். நேசம் அக்கா அந்தத் தகரத்தைச் சாமித்தட்டின் கீழே வைத்துவிட்டு, "இது என்ரை சக்களத்தி" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

நாலு வருட முடிவில், சான்றிதழுக்காக அவர் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தார். விதியைக் குறித்த பழைய ஆங்கிலச் சொற்களின் வரலாறு என்பது தலைப்பு. வாசுகி கணினியில் அடித்துக் கொடுத்தாள். இரண்டு மாதம் கழித்துக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. கட்டுரையின் தரமும் மாணவரின் கல்விப் பின்னணியும் பொருந்தவில்லை, இது அவருடைய சொந்த ஆக்கந்தானா என்று விசாரிக்க மூவர் குழு கூடுகிறது, விரும்பினால் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று எழுதியிருந்தார்கள்.

கடிதத்தை அவர் இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

"சாத்திரியார் சொன்னதைத்தான் இவையும் சொல்லீனம்," என்றார்.

அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகாதீர்கள், ஒரு கடதாசிக்காக மானத்தை விட்டு அவர்கள் முன்னால் நிற்க வேண்டாம் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "அண்டைக்கு எட்டாம் வகுப்பிலை என்னை ஒருத்தரும் கேக்கேல்லைத் தம்பி. இவையள் கேக்கினம். கேக்கிறவைக்குப் பதில் சொல்லத்தானே வேணும்."

அந்த நாளில் நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். தகரம் அவருடைய மடியில் இருந்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். நடுவில் இருந்த உயரமான கனவான், இந்தக் கட்டுரைக்கு யார் உதவினார்கள் என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார். அண்ணை தகரத்தைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சுருள்களுக்கு மேலே, திருநீறு பூசி, மஞ்சள் துணியில் சுற்றி, அவருடைய சாதக ஓலை இருந்தது. நல்லபடி முடியவேண்டும் என்று நேசம் அக்கா இரகசியமாக உள்ளே வைத்துவிட்டிருந்தார்! அந்த ஓலையில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரிந்த எனக்கு, மேசைக்குக் கீழே போய் ஒளிக்கலாம் போல் இருந்தது.

அது என்ன என்று அந்தப் பெண் கேட்டார். அண்ணை மறைக்கவில்லை. நான் பிறந்தபோது எழுதியது, எனக்குப் படிப்பு வராது என்று இதில் இருக்கிறது என்றார். மேசையில் இருந்த மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் ஓலையை ஓரமாக வைத்தார். பிறகு சுருள்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். விர்ட் என்ற சொல்லின் சுருள் மேசையைத் தாண்டி, தரையில் விழுந்து, கதவுவரை போனது. நான்தான் குனிந்து பிடித்தேன்.

உயரமான கனவான் எழுந்து வந்து தாளைக் கையில் எடுத்தார். பின்பக்கத்தைத் திருப்பினார். சிவப்புக் கோட்டின் ஓரமாக இயந்திரம் கடைசியாக அடித்த தேதியும் நேரமும் பம்பு இலக்கமும் மங்கிய ஊதா நிறத்தில் இருந்தன. அடுத்த துண்டைத் திருப்பினார். அதற்கு அடுத்ததையும். நாலு வருடமும் வரிசையாக அந்தத் தாள்களின் முதுகில் இருந்தது. சாட்சி வேண்டும் என்று அண்ணை ஒருபோதும் நினைத்ததில்லை. தாளை வீணாக்கக் கூடாதென்றுதான் நினைத்தார்.

பிறகு கேள்விகள் மாறின. அண்ணை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒன்றரை மணிநேரம் பேசினார். டூம் என்பது முதலில் தீர்ப்பு என்றுதான் இருந்தது, நல்ல தீர்ப்புக்கும் அதே பெயர், அழிவு என்ற பொருள் பிறகு ஏறியது என்றார். லொட் என்பது திருவுளச்சீட்டுப் போல் எறிந்து பார்த்த மரத்துண்டு என்றார். ஹாப் என்ற சொல் கடல் கடந்து வந்த வடநாட்டாரோடு வந்தது, இன்று நாம் மகிழ்ச்சிக்குச் சொல்லும் ஹாப்பி அதிலிருந்து பிறந்தது, முதலில் அதிர்ஷ்டம் வாய்த்தவனுக்குத்தான் அந்தப் பெயர் என்றார். ஃபேட் லத்தீனிலிருந்து வந்தது, சொல்லப்பட்டது என்பது அதன் பொருள் என்றார். அந்த இடத்தில் அவருடைய விரல் ஓலையைத் தொட்டதை நான் கண்டேன்.

கடைசியாக அந்தப் பெண், இவ்வளவும் நூல்களில் உள்ளவை, உங்களுடைய கருத்து எது என்று கேட்டார்.

"அம்மா, உங்கள் முன்னோர் விதிக்கு ஒரு சொல்லை வைத்தார்கள். போதாமல் இன்னொன்றை வைத்தார்கள். பிறகு வெளியாரிடமும் வாங்கினார்கள். அது இன்னதென்று உறுதியாகத் தெரிந்தவர்கள் இப்படிச் சொல்லை மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். அது ஒருவருக்கும் தெரியாது என்பதே என் கருத்து" என்று அவர் நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அறையில் ஒரு தமிழனாக நான் அன்று நிமிர்ந்து இருந்ததுபோல் லண்டனில் வேறெங்கும் இருந்ததில்லை.

மூன்று வாரத்தில் சிறப்புத் தேர்ச்சி என்று சான்றிதழ் வந்தது. உயரமான கனவான் தன் கையால் எழுதிய மன்னிப்பும் கூடவே இருந்தது. நேசம் அக்கா சான்றிதழைச் சட்டம் போட்டுச் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தார். அண்ணை அதன் பிரதி ஒன்றை, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்து, எண்பது கடந்த தகப்பனாருக்கு அனுப்பினார். ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. அண்ணை அதைப் பெற்றோல் நிலையத்தில் வைத்து எனக்கு வாசித்துக் காட்டினார். "சாதகம் பிழையில்லை. நீ பிறந்த நேரத்தைத்தான் மருத்துவிச்சி பிழையாகச் சொல்லிப்போட்டாள் போலை." வாசித்துவிட்டு இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். கொஞ்ச நேரத்தின் பின் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "மனுசன் மன்னிப்புக் கேக்கிறார், தம்பி. அவருக்கு வேறை மாதிரிக் கேக்கத் தெரியாது," என்றார்.

அதன் பிறகும் அவர் பெற்றோல் நிலையத்தில்தான் வேலை செய்தார். சுருள்கள் வளர்ந்துகொண்டே இருந்தன. போன வருடம் இதய வருத்தத்தால் வேலையை விட்டபோதும், சிவப்புக்கோட்டுத் துண்டுகளை நான் வெள்ளிக்கிழமைகளில் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

நேற்று இறுதிச் சடங்கு. பெட்டியை மூடுமுன் நேசம் அக்கா தகரத்தோடு வந்தார். நான் நினைத்தேன், சுருள்களை அண்ணையோடு அனுப்பப் போகிறார் என்று. அவர் ஓலையை மட்டும் வெளியே எடுத்தார்.

"இது அவரோடை போகட்டும். மற்றது வாசுகியிட்டை இருக்கட்டும்," என்றார்.

நான் ஓலையை வாங்கி அண்ணையின் கைக்குள் வைக்கப் போனேன்.

"கையிலை வேண்டாம், தம்பி. காலடியிலை வையும்."

அன்று திருநீறு பூசி அதைத் தகரத்துக்குள் வைத்த அதே நேசம் அக்கா. நான் காலடியில் வைத்தேன்.

மார்க்கண்டு அண்ணை, செவ்வாய்க்கிழமை கிழித்த துண்டு இன்னும் என் சட்டைப்பையில்தான் இருந்தது. அதை வாசுகியிடம் கொடுத்தேன். பின்பக்கத்தில் நீங்கள் போன நாளின் தேதி இருக்கிறது. அவள் அதை விர்ட் சுருளின் அடியில் ஒட்டிவிட்டாள். முன்பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. எழுதக் கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். போய் வாருங்கள், அண்ணை.