மலையிறங்கிச் செய்துகொண்ட ஆபரேஷன்

எங்கள் வீட்டில் மலையாளம் நன்றாகத் தெரிந்த ஒரே ஆள், மலையாளப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு படித்த நான்தான். போடிமெட்டுக்கு அப்பால் கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலைக்கும் கடைக்கும் போதுமான மலையாளம்தான் வரும். அதனால் உதிரப்போக்கு நிற்காமல் அம்மாவை மலை மேலேயே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்லும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. ஒரே பெருமை.

டாக்டர் அப்பாவைப் பார்த்துப் படபடவென்று பேசினார். 'கர்ப்பபாத்திரம்' என்று அவர் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது பின்துண்டுதான்.

"வயித்துக்குள்ள ஏதோ பாத்திரம் இருக்காம்மா. நாளைக்கு எடுத்துருவாகளாம்."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "கர்ப்பப்பையவா சொல்றாரு? எதுக்கு எடுக்கணும், எடுக்காட்டி என்ன ஆகும்னு கேளு ஆத்தா."

கேட்டேன். அவர் சிரித்து என் கன்னத்தைத் தட்டி ஏதோ சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"பயப்பட வேண்டாமாம்" என்றேன்.

"பயமா இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே."

டாக்டருக்குத் தெரியாததா என்று அப்பா சமாதானம் சொன்னார். ஆபரேஷனுக்கு அப்பா ஏற்கெனவே தலையாட்டி முடித்திருந்தார். ஊசி போட்டதில் போக்கு குறைந்திருந்தது. மறுநாள் விடிந்ததும், கீழே போடிக்குப் போகலாம் என்று அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள். நர்சு திட்டியும் கேட்கவில்லை. ஜீப்பு வளைவுகளில் குலுங்கியபோதெல்லாம் உள்ளே பாத்திரம் உருளுகிறதா என்று அம்மாவின் வயிற்றில் காதை வைத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை.

போடியில் இருந்த டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து காகிதத்தில் பப்பாளிக்காய் போல ஒன்றை வரைந்தார். அதற்குள் கட்டிகள். கட்டிகளை மட்டும் எடுக்கலாம், மறுபடி வரவும் கூடும். பையையே எடுத்தால் போக்கு நின்றுவிடும், ஆனால் இனிப் பிள்ளை பிறக்காது என்றார். அப்பா வாயைத் திறந்தார். "அவங்க சொல்லட்டுங்க" என்றார் டாக்டரம்மா.

எனக்கு ஒரு தம்பி வருவான் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அன்று முழுக்க அவள் அந்தக் காகிதத்தையே எடுத்து எடுத்துப் பார்த்தாள். மறுநாள் டாக்டரம்மாவிடம் மறுபடி ஏலக்காய்க் கூடை தூக்க முடியுமா, எத்தனை மாதத்தில் என்றெல்லாம் கேட்டாள். கடைசியில், "எடுத்துருங்க டாக்டரம்மா" என்றாள். பிறகு என் தலையைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் அழுதாள்.

ஆபரேஷன் முடிந்து அம்மா கஞ்சி குடிக்கும்போது அப்பா ஆற்றாமையோடு கேட்டார். "இதையேதான அங்கயும் சொன்னாக. இதுக்கு எதுக்கு மலையெறங்கி வரணும்?"

"அங்க யாரு என்கிட்டச் சொன்னா?" என்றாள் அம்மா.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான்தானே சொன்னேன்!