ரூத்தம்மாவின் கிடாரி

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. தூறல். கல்லறைத் தோட்டத்துப் பாதை சேறாகிக் கிடந்ததால் யாரோ வைக்கோலைப் பரப்பியிருந்தார்கள். ரூத்தம்மாவின் அடக்கத்துக்கு வந்தவர்கள் முப்பத்தொரு பேர், குடைகள் பதினாறு. எனக்கு அழுகை வரவில்லை. கண்ணில் நீர் வடிந்தது. அது கண்புரை அறுவைக்குப் பிறகு எப்போதும் வடிவதுதான். ஏதாவது உணர வேண்டும் என்று நின்று பார்த்தேன். நனைந்த வைக்கோல் வாசனைதான் வந்தது.

அந்த வாசனை முன்பெல்லாம் எங்கள் கோயிலுக்குள் வருடத்தில் ஒரு நாள் வரும். அறுப்பின் பண்டிகை. சம்பா அறுவடை முடிந்து, பீடத்துப் படியெல்லாம் நெற்கதிரும் பரங்கிக்காயும் வாழைத்தாரும் கால் கட்டிய சேவல்களுமாகக் கிடக்கும். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். வெளியாருக்கு அந்த ஏலம் புரியாது. ஒரு எலுமிச்சம்பழம் ஐம்பது ரூபாய்க்குப் போகும்; எடுத்தவரே அதை மறுபடி ஏலத்துக்குக் கொடுப்பார். அப்போது நான் அந்த ஊர்ப் பள்ளியில் வாத்தியார். சம்பளம் அறுநூற்றுப் பத்து ரூபாய். எலுமிச்சம்பழத்துக்கு மேல் போனதில்லை.

ஒரு வருடம் ரூத்தம்மா தன் சினைக் கிடாரியை ஓட்டிவந்து வேப்பமரத்தில் கட்டினார். நடவுக்குப் போகிற பெண், புருஷன் இல்லை. மகனுக்கு விஷக்காய்ச்சல் கண்டபோது, அவன் பிழைத்தால் கிடாரியைக் கோயிலுக்குக் கொடுப்பதாகப் பொருத்தனை செய்திருந்தார். பிழைத்துவிட்டான். வேண்டாம் என்று அவரிடம் யார் சொல்வது? ஆனால் அது போனால் நடவில்லாத மாதங்களில் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்குப் போதகர், வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று பிரசங்கம் செய்திருந்தார். நான் அதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டேன். கிடாரியை ஏலத்தில் எடுத்து, யாருக்கும் தெரியாமல் அவரிடமே கொடுத்துவிடுவது. எழுநூறு, மிஞ்சினால் எண்ணூறு.

ரைஸ்மில் தேவசகாயம் ஆயிரம் என்றார். கம்பவுண்டர் சற்குணம் ஆயிரத்து நூறு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வசதியுள்ளவர்கள் ஏழையின் மாட்டை அடித்துக்கொண்டு போகப் பார்க்கிறார்களே! ஏலம் விட்ட உபதேசியார் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"சார், நீங்க போட்டிக்குக் கேக்குறீங்களா, புத்தியோட கேக்குறீங்களா?"

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதுக்கு என் பெயரில் முடிந்தது. மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேல்.

வெளியே காபி குடிக்கும்போதுதான் தெரிந்தது, அவர்கள் இருவரும் அதே எண்ணத்தில்தான் கேட்டிருக்கிறார்கள்.

"மொதல்லயே சொல்லியிருந்தா மூணு பேருமா போட்டிருக்கலாமே சார்" என்றார் தேவசகாயம்.

"நீங்க சொன்னீங்களா?" என்றேன்.

"பிரசங்கத்த மூணு பேரும் தூங்காமக் கேட்டோம்ல, அதோட வினை" என்றார் சற்குணம்.

கேட்டால் பங்கு கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை. அந்த வயதின் வீம்பு.

சாயங்காலம் கிடாரியைப் பிடித்துக்கொண்டு ரூத்தம்மா வீட்டுக்குப் போனேன். வழியில் என் செருப்பை இரண்டு தரம் மிதித்தது. அவர் கயிற்றைத் தொடவே இல்லை.

"சாமிக்குக் குடுத்தத திரும்ப வாங்குனா எம் புள்ளைக்கு ஆவுமா சார்?"

நான் குடியிருந்ததோ ஒற்றை அறை. மாட்டை வகுப்பிலா கட்ட முடியும்? எரிச்சலில்தான் கேட்டேன்.

"எனக்குக் கட்ட எடமில்லம்மா. வாரத்துக்கு வளத்துக் குடுங்க."

பிறத்தியார் மாட்டைப் பங்குக்கு வளர்ப்பது எங்கள் பக்கம் வழக்கம்.

"பாலு யாருக்கு?" என்று கேட்டார்.

"வளக்குறவங்களுக்கு. கன்னுல பாதி எனக்கு."

"அப்ப மாடு ஒங்களுது. அது சரி" என்று கயிற்றை வாங்கிக்கொண்டார்.

பால் அவர் வீட்டு அடுப்பை எரித்தது, மகனைப் பாலிடெக்னிக் வரை படிக்க வைத்தது. ஒன்றுவிட்டு ஒரு கன்று என் வாசலுக்கு வந்துவிடும். வேண்டாம் என்றால், "ஒங்க பங்க வச்சிக்கிட்டு நான் என்னத்துக்கு ஆவறது?" என்பார்.

இப்போது அந்தத் தெருவில் ஒரு மாடு கிடையாது. பாக்கெட் பால். வைக்கோலை இயந்திரம் சுருட்டி லாரியில் ஏற்றிவிடுகிறது. தேவசகாயம் இல்லை, சற்குணம் இல்லை, வேப்பமரம் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். அறுப்பின் பண்டிகைக்கு உறைகளில் பணம் வருகிறது. ஏலம் விட ஒன்றுமில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, கை கால் கழுவிவிட்டு, சும்மா உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் பங்குக்கு வந்த மூன்று கன்றுகளும் விற்றது நானூற்றுப் பத்து, நானூற்று ஐம்பது, ஐந்நூற்று எழுபது. ஏலத்தில் கொடுத்த ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதில் கழித்தால், எனக்கு ஆன செலவு நானூற்று இருபது ரூபாய்.