அம்மாவின் இரண்டு பல்

அம்மாவுக்கு முன்பல் இரண்டும் கட்டிய பல் என்பது எங்கள் வீட்டில் எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். ஒருநாள் காலையில் அவள் அதைக் கழற்றித் தேய்த்துக்கொண்டிருந்தபோது பாத்ரூம் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். கல்யாணத்துக்கு முன்பே அடிபம்பில் வழுக்கி விழுந்து போன பற்களாம். பெண் பார்க்க வந்தவர்களிடம் யாரும் சொல்லவில்லை. பிறகு சொல்லத் தைரியம் வரவில்லை. ராத்திரிகூடக் கழற்றாமல் அப்பாவிடமிருந்து மறைத்து வைத்திருந்தாள். "அத்தைக்கு மட்டும் தெரிஞ்சா நான் செத்தேன்" என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அத்தை, அப்பாவின் அக்கா. புவனகிரியில் வாழ்க்கைப்பட்டவள். வந்து பையை இறக்குவதற்குள் குழம்பில் உப்பு ஜாஸ்தி, கோலம் கோணல் என்று தொடங்கிவிடுவாள். சிரிப்பு வந்தால் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். முறுக்கைக் காப்பியில் நன்றாக ஊறப்போட்டுத்தான் தின்பாள்.

நான் நாலாவது படித்த வருஷம் தம்பி பிறந்தான். சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. அப்பா கடலூருக்கு வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார்கள். துணைக்கு அத்தை, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான்.

உள்ளே போகுமுன் உடம்பில் ஒன்றும் இருக்கக்கூடாது என்றாள் நர்ஸ். வளையல், தோடு, கொண்டை ஊசி எல்லாம் வந்தன. வீங்கிய காலிலிருந்து மெட்டி வரமாட்டேன் என்றது. அத்தை சோப்புப் போட்டு உருவினாள். கழுத்து வெறுமையாக இருக்கக்கூடாதென்று முதலில் மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றைக் கட்டிவிட்டு, அப்புறம்தான் தாலியைக் கழற்ற விட்டாள்.

"கழட்டி மாட்டுற பல்லு ஏதாச்சும் இருக்காம்மா?"

அம்மா அத்தையைப் பார்த்தாள். "இல்ல சிஸ்டர்."

"இருந்தா சொல்லிடுங்க. மயக்கம் குடுக்க வேண்டி வந்தா தொண்டைல போய் அடைச்சிக்கும்."

அம்மா உதட்டை இறுக்கி, இல்லையென்று தலையாட்டினாள். சத்தியத்தை மீறினால் சாமி கண்ணைக் குத்தும். மீறாவிட்டால் அம்மா இருக்கமாட்டாள். ஸ்ட்ரெச்சர் கதவுக்குள் திரும்பும்போது அழுதுகொண்டே கத்தினேன்: "எங்கம்மாவுக்குப் பல்லு கழண்டு வரும்!"

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. நர்ஸ் பல்லை வாங்கி, பஞ்சில் வைத்து அத்தை கையில் கொடுத்துவிட்டுப் போனாள். இனி இந்த ஜென்மத்துக்கும் எங்கள் வீட்டில் இதே பேச்சுதான் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அத்தை பஞ்சைத் தூக்கிப் போட்டாள். டம்ளரில் தண்ணீர் ஊற்றி, பல்லை உள்ளே போட்டு மூடினாள். "காய வுட்டா அப்பறம் சரியா உக்காராது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். என்னிடம் மட்டும், "உங்கப்பன் கேட்டா கோயில் தீர்த்தம்னு சொல்லு" என்றாள்.

அம்மாவைக் கொண்டுவந்தபோது போர்வையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அப்பா பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டதாகப் போன் வந்தது. அத்தை கதவைச் சாத்திவிட்டு டம்ளரைத் திறந்தாள்.

"அண்ணி..." என்று அம்மா அழத் தொடங்கினாள்.

"பேசாத. தையல் பிரிஞ்சிடும். ஆ காட்டு." கட்டைவிரலால் ஒரே அழுத்து. பல் உட்கார்ந்துவிட்டது.

அப்பா வந்து பிள்ளையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கண் கலங்கியது. டம்ளரைக் காட்டி என்ன என்றார். "தீர்த்தம்" என்றேன். நான் வாய் மூடுவதற்குள் பக்தியோடு எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு மடக்குக் குடித்துவிட்டார். அத்தை முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க அண்ணி" என்றாள். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதற்கப்புறமும் உப்பு ஜாஸ்தியாகத்தான் இருந்தது, கோலமும் கோணலாகத்தான் இருந்தது. பல்லைப் பற்றி மட்டும் அத்தை வாயே திறக்கவில்லை. அவள் வந்து தங்கும் நாட்களில் அப்பாவை முன்கட்டில் படுக்கச் சொல்லிவிட்டு, இருவரும் உள்ளே படுத்துக்கொள்வார்கள். படுக்குமுன் அம்மா மறக்காமல் இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுத்துப் போய்த் தலைமாட்டில் மூடி வைப்பாள். இரண்டு பேருக்குமே ராத்திரியில் தாகம் ஜாஸ்தி என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.