பாணுக்கு மசிந்த பேரிங்

இன்றைக்குக் காலையில் பேக்கரிப் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்தேன். ஒரு விநாடி கூடுதலாகப் பிடித்துவிட்டேன் போல, பாதி அறுந்து கோப்பைக்குள் விழுந்துவிட்டது. எனக்கு ஒழுங்காகச் சாப்பிடத் தெரியாது என்று அம்மா சொல்வது சும்மா இல்லை. விழுந்த துண்டைக் கரண்டியால் தூக்கி விரலில் நசுக்கினேன். கூழாகிப் பிதுங்கியது. அவ்வளவுதான், தேயிலை வாசம் எங்கோ போய்விட்டது, மூக்கு முழுக்க கியர் எண்ணெய் வாசம். வேறு யாரிடமாவது சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். உங்களிடம் சொல்லலாம்.

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம் அது. கண்டி வாவியைச் சுற்றி நின்ற வாகனங்களைப் பார்த்தால் ஏதோ பெரஹரா ஊர்வலம் வரப்போகிறது என்று தோன்றும். வரிசையிலேயே சீட்டாடினார்கள், தூங்கினார்கள், சண்டை பிடித்தார்கள், சமாதானமானார்கள். வரிசையில் சம்பந்தம் பேசி முடித்தவர்கள்கூட உண்டு என்று கேள்வி. நான் நின்ற வரிசையில் எனக்கு முன்னால் மீன் லொறிதான் நின்றது.

அப்படி நின்று நின்று சேர்த்த பெற்றோல் எங்கள் காரில் இருந்தது. அக்காவைக் கட்டுநாயக்கா விமானநிலையத்தில் கொண்டுபோய் விடுவதற்கென்று சேர்த்தது. அக்கா தாதி. குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து விசாவும் வந்துவிட்டது. சொன்ன நாளில் போய் நிற்காவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். அப்பா போனபிறகு வீட்டில் சம்பளம் என்று வந்தது அக்காவுடையதுதான். நானும் ஒரு வேலையில் இருந்தேன், ஆனால் அந்தக் கடை திறக்கிற நாளைவிட மூடுகிற நாள்தான் அதிகம்.

புறப்படவேண்டிய நாளுக்கு முதல் நாள் கார் மக்கர் பண்ணியது. கிளச்சை மிதித்தால் கீச்சென்று கத்தியது, கியர் விழவே மாட்டேன் என்றது. ரயில் ஓடுமோ ஓடாதோ, வாடகை வேன்காரர்களெல்லாம் வரிசையில். கராஜுக்கு இழுத்துப் போகலாமென்றால் கரண்டும் இல்லை, அங்கே ஆளும் இல்லை. அக்கா ஒருமுறை மிதித்துப் பார்த்தாள். "பைலட் பேரிங் போயிருச்சுடா" என்றாள். எனக்குக் காரில் தெரிந்தது ஹோர்ன் அடிப்பது மட்டும்தான், ஆனாலும் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டினேன். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் லொறி ஓட்டிய எங்கள் அப்பாவின் கை அக்காவுக்குத்தான் வந்திருந்தது. எனக்கு வந்தது அவருடைய மூக்கு.

மறுநாள் விடிந்ததும் அம்பிட்டியவில் எங்கள் வீட்டு வாசல் சரிவில் டயருக்குக் கல் வைத்து, காரை ஜக்கில் உயர்த்தி, கியர்பெட்டியை இறக்கினோம். பக்கத்து வீட்டு ஃபலீல் நானா வந்து தோள் கொடுத்தார். புது பேரிங்கையும் அவர்தான் எங்கெல்லாமோ அலைந்து கொண்டுவந்திருந்தார். பழையதைக் கழற்றிப் புதியதை வைக்கவேண்டும், சின்ன வேலைதானே என்று நினைத்தேன்.

அந்த பேரிங் ஒரு உளுந்து வடையளவுகூட இல்லை. எஞ்சினின் முதுகுப் பக்கம் ஒரு குழி. கியர்பெட்டியின் தண்டு அதற்குள்தான் மூக்கை நுழைக்கும். அந்தக் குழிக்குள் பேரிங் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. பிடித்து இழுக்க விளிம்பில்லை, பின்னாலிருந்து தட்ட வழியில்லை. கம்பியை வளைத்துக் கொக்கி போட்டோம், கொக்கி நிமிர்ந்துவிட்டது. ஸ்குரூ டிரைவரால் நெம்பினோம், நுனி உடைந்தது. என் விரல் நசுங்கியதுதான் மிச்சம்.

"இது வாரல்ல தங்கச்சி" என்று ஃபலீல் நானா வியர்வையைத் துடைத்தார்.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா போவது அவருக்குத் துளியும் இஷ்டமில்லை. போகாதே என்று வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் ஒரு மாதமாக வீட்டில் பாத்திரங்கள்தான் சத்தம் போட்டன. அப்போது சொன்னார்: "சாமிக்கே இஷ்டமில்ல. விட்டுரு புள்ள."

அக்கா போனை எடுத்து வீடியோ தேடினாள். எங்கோ ஒரு வெள்ளைக்காரன் இதே குழிக்குள் நனைத்த பாணைத் திணித்தான், ஒரு தடியை வைத்துச் சுத்தியலை ஓங்கினான். போன் செத்துவிட்டது. அன்றைக்குக் கரண்ட் எப்போது வருமென்று யாருக்குத் தெரியும்? அவனுடைய பேரிங் வந்ததா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது.

"அம்மா, அந்தப் பாணக் குடுங்க."

"பசிக்குதா?"

"பேரிங்குக்கு."

வீட்டில் இருந்தது அந்த ஒரு பாண்தான். அம்மா விடிய முன்னே பேக்கரி வரிசையில் நின்று வாங்கியது. சீனிச்சம்பல் வைத்து அக்காவுக்கு வழிக்குக் கட்டிக்கொடுக்கவென்று துணியில் சுற்றி வைத்திருந்தார். ஒரு துண்டு கீழே விழுந்தாலே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மனுஷி அவர்.

"திங்கிறதுக்கே இல்லாம கெடக்கு, இரும்புக்குப் பாணா? ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

அக்கா இன்னொரு தடவை கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்தாள். அப்பா செத்த அன்றைக்கும் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவள் அவள். கண்ணைத் துடைத்தபோது கையிலிருந்த கிரீஸ் கன்னமெல்லாம் இழுபட்டது. அம்மா பார்த்தார், உள்ளே போனார். சாமி அறைக்குப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

பாணோடு வந்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கருக்குத் தோல் ஊறாது. உள்ள இருக்கிறத மட்டும் நனைச்சு அடைடி."

சொன்னவர் தானே குந்தி உட்கார்ந்தார். தோலை உரித்து ஒரு பக்கம் வைத்தார். வெள்ளைச் சதையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து நீட்டினார். அக்கா காருக்கு அடியில் படுத்தபடி ஒவ்வொன்றாகக் குழிக்குள் அடைத்தாள். கொய்யாக் கம்பொன்றை பேரிங்கின் துளைக்கு அளவாகச் சீவி, உள்ளே விட்டுத் தட்டினாள். தண்ணீர் பீச்சி முகத்தில் அடித்தது. இன்னும் பாண், இன்னும் அடி. ஒன்றும் நடக்கவில்லை. அம்மா பிழிந்துகொண்டே இருந்தார்.

திடீரென்று அக்கா கத்தினாள்: "சத்தம் மாறுதுடா!"

குனிந்து பார்த்தேன். அடிக்கிறது உள்பக்கம், பேரிங் வருகிறதோ வெளிப்பக்கம்! அடிக்க அடிக்க அது எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. போக இடமில்லாத பாண் அதன் முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. ஐயோ, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இரும்பால் நெம்பி, கம்பியால் இழுத்து, நாங்கள் மூன்று பேர் மல்லுக்கட்டியும் அசையாதது, காலையில் வரிசையில் வாங்கின பாணுக்கு அசைகிறது! அது அக்காவின் நெஞ்சில் விழுந்தபோது ஃபலீல் நானா "சுப்ஹானல்லாஹ்" என்றார், அம்மா "முருகா" என்றார், இரண்டும் ஒரே நேரத்தில். நான் அதிசயம் என்று வாழ்க்கையில் கண்ணால் பார்த்தது அது ஒன்றுதான்.

"குழிக்குள்ள ஒரு பொட்டும் வைக்காம சுரண்டி எடு. எறும்பு வரும்" என்றார் அம்மா.

பொழுது சாயுமுன் கியர்பெட்டி ஏறிவிட்டது. அம்மா டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். விமானநிலையத்துக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். மிஞ்சிய பாண் தோலை வீணாக்காமல் சீனிச்சம்பலோடு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அக்காதான் ஓட்டினாள். கடுகண்ணாவை இறக்கத்தில் காரை ஓரம் கட்டி, அந்தத் தோலைச் சாப்பிட்டாள். எனக்கும் தந்தாள், கிரீஸ் வாசம் அடித்தது. இரண்டுபேரும் தின்றோம். திரும்பி வரும்போது, அவளுடைய உயரத்துக்கு முன்னால் தள்ளிவைத்த சீட்டைப் பின்னுக்கு இழுக்க மனம் வராமல், முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க இடிக்கக் கண்டி வரைக்கும் ஓட்டினேன்.

இப்போது வரிசை இல்லை, கரண்ட் போவதில்லை. காரை விற்றாயிற்று. ஃபலீல் நானா குடும்பத்தோடு அக்குறணைப் பக்கம் போய்விட்டார். குவைத்திலிருந்து அக்கா கனடாவுக்குப் போய், அங்கேயே கல்யாணமும் முடித்துவிட்டாள். வருவேன் என்கிறாள், லீவு கிடைப்பதில்லை. அவள் பிள்ளையை அம்மா போனில்தான் பார்த்திருக்கிறார்.

போன கிழமை பேசி முடித்து போனை வைத்ததும் அம்மா கேட்டார்: "அன்னைக்கு நான் பாணக் குடுக்காம இருந்திருந்தா அவ இங்கதான இருந்திருப்பா?"

"இல்லம்மா, எப்படியாவது போயிருப்பா" என்றேன். பாணுக்குப் பதில் சவர்க்காரக் கட்டியை அடைத்தும் பேரிங்கைக் கழற்றலாமாம் என்று பிறகு தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தேன்.

அம்மா விடவில்லை. "போயிருப்பாதான். ஆனா நான் குடுத்துத்தானே போனா" என்றார்.