முதுகில் ஒட்டிய எள்ளு

1996, ஆடி அமாவாசை. காலை ஐந்தரை. ஸ்காபரோ வோபர்னிலிருந்து என் பழைய கார் புறப்பட்டபோது வீதி விளக்குகள் இன்னும் அணையவில்லை. பக்கத்தில் சிவம் அண்ணை. மடியில் செம்பு, ஒரு பொட்டலம் கறுப்பு எள்ளு. ஊரில் போன வருஷம் சண்டைக்கு இடம்பெயர்ந்து போன வழியில் கொடிகாமத்தில் கண்மூடிய அவர் தகப்பனுக்கு இது முதல் ஆடி அமாவாசை. ஊரார் பிதிர்க்கடன் கழிக்கும் கீரிமலைக் கடலுக்குப் போக வழியில்லை.

"ஒன்ராறியோ ஏரி வீட்டுக்குக் கிட்டத்தானே அண்ணை?"

"கொங்கிறீற்றில நிண்டு அப்பருக்குத் தண்ணி இறைக்கேலாது. மணல் வேணும்."

401ஆம் நெடுஞ்சாலை, பிறகு 403. பிரான்ற்ஃபோர்ட்டில் பெற்றோல், லீற்றர் ஐம்பத்தைந்து சதம். அண்ணை விரதம், என் தேநீரின் பக்கம் திரும்பவேயில்லை. சிம்கோவுக்கு அப்பால் பச்சை இலைகள் விரிந்த தோட்டங்கள்.

"உது எங்கட புகையிலையெல்லோ!" என்று நிமிர்ந்தார். கார்க் கண்ணாடியை இறக்கினார்.

ஏறக்குறைய இருநூறு கிலோமீற்றர். எட்டரைக்கு லோங் பொயின்ற். ஈரி ஏரிக்குள் நீண்டு மெலிந்து போகும் மணல். காற்றைத் தவிர ஆளில்லை.

தர்ப்பை கொண்டுவர மறந்திருந்தோம். அண்ணை வேட்டியை மடித்துக் கட்டி, வெறும் மேலோடு, இடுப்பளவு புல்லுக்குள் போனார். ஒரு புல்தாளைப் பிடுங்கி விரலில் மோதிரமாக முறுக்கினார். ஏரியில் இறங்கி எள்ளும் தண்ணீரும் இறைத்தார். காற்று பாதி எள்ளை அவர்மீதே வீசியது.

கரையேறி அவர் மேலுக்குப் போடச் சேட்டை எடுத்தபோது கண்டேன்.

"முதுகில ஒரு எள்ளு ஒட்டிக் கிடக்கு அண்ணை. தட்டிவிடவோ?"

"விடும் ஐசே. அப்பர் திருப்பித் தந்தது. கிடக்கட்டும்."

செப்ரெம்பரில் அண்ணையின் இடக் கண் மூட மறுத்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. பாரிசவாதம் என்று அவர் மனைவி ராணி அக்கா அழுதார். ஆஸ்பத்திரியில் நான் மொழிபெயர்த்தேன். அண்மையில் எங்காவது பயணம் போனாரா என்று டொக்டர் கேட்டார். அண்ணை இல்லையென்று தலையாட்டினார். அப்பருக்குத் தண்ணீர் இறைக்கப் போனது அவர் கணக்கில் பயணமல்ல. நான் லோங் பொயின்ற் என்றேன். டொக்டர் எழுந்து வந்து சேட்டை உயர்த்திப் பார்த்தார். எள்ளு கிடந்த இடத்தைச் சுற்றி, உள்ளங்கை அகலத்தில் சிவந்த வளையம்.

"படர்தாமரையெண்டு மருந்து பூசினனான்" என்றார் ராணி அக்கா.

அன்று நான் கண்டது எள்ளல்ல, உண்ணிக் குஞ்சு என்றார் டொக்டர். அந்தக் கரை உண்ணிகளில் சிலவற்றின் வயிற்றில் லைம் நோயின் பக்ரீரியா இருக்கிறதாம். கடித்தபடி ஒரு நாளுக்கு மேல் கிடந்தால் அது உடம்புக்குள் இறங்கி முக நரம்பையும் தாக்குமாம்.

"எங்கட மாட்டுண்ணி கொட்டைப்பாக்கு மாதிரியெல்லோ" என்றார் அண்ணை, கோணிய வாயால்.

மருந்து வேலை செய்தது. வாய் நேரானது. இடக் கண் மட்டும் இன்னும் பிந்தியே மூடுகிறது.

அடுத்த ஆடி அமாவாசைக்குப் பதினைந்து நிமிடப் பயணம்தான். ஸ்காபரோ ஏரிக்கரை, கொங்கிறீற்று. தர்ப்பை கடையில் வாங்கியது. இறைத்து முடித்த அண்ணை முதுகை என் பக்கம் திருப்பினார்.

"பாரும்."

இங்கும் காற்று எள்ளை ஒட்டவைத்திருந்தது. ஒவ்வொன்றாக விரல்நுனியால் தொட்டேன். உதிர்ந்தன. கடைசி ஒன்று அசையவில்லை. அவர் தோள்கள் இறுகின. நகத்தால் தொட்டதும் அதுவும் விழுந்தது.

"எள்ளுத்தான் அண்ணை."

அவருடைய வலக் கண் மூடியது. சற்றுப் பிந்தி, இடக் கண்ணும்.