பதினெட்டுப் பேருக்கு அடிப்படைச் சமூகவியல்

சமூகவியல் வாத்தியாருக்கு உள்ள பெரிய கஷ்டம், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பாடம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருப்பதுதான். வேதியியல்காரரிடம் போய் யாராவது, "அமிலம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா சார்?" என்று கேட்பார்களா? என்னிடம் கேட்பார்கள். குடும்பம், குழு, வழக்கம் என்று நான் எதை ஆரம்பித்தாலும் சரி, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கூட எனக்கு ஒரு வகுப்பு எடுத்துவிட்டுத்தான் அய்யம்பேட்டையில் இறங்குவார்.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் பத்தொன்பது வருஷமாக முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அடிப்படைச் சமூகவியல் நடத்தினேன். பத்தொன்பது வருஷமும் தற்காலிகம். ஒன்றும் தெரியாத பிள்ளைகளுக்கு ஏதாவது ஒன்றை முதல்முதலாகச் சொல்லிக் கொடுத்துத் தொண்டை கட்டியவர்களுக்கு என் பாடு புரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடைசி வருஷத் தொடக்கத்தில் நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. முதல் பருவத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் வரும் நாளில் வகுப்பில் பதினைந்து பேராவது இருக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் பிரிவை மூடிவிடுவார்கள். இருக்கிற பிள்ளைகளை வரலாற்றுப் பிரிவில் சேர்த்துவிடுவார்கள். என்னை எதிலும் சேர்க்க மாட்டார்கள். அந்த வருஷம் வந்து சேர்ந்தவர்கள் பதினெட்டுப் பேர்.

ஏன் வந்தீர்கள்?

முதல் நாள் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பேன். "ஏன் இந்தப் பாடத்தை எடுத்தீங்க?" கேட்காமலே இருந்திருக்கலாம் என்று வருஷா வருஷம் தோன்றும், ஆனாலும் வாய் சும்மா இருக்காது. ஒருவன் பி.காம். கிடைக்கவில்லை என்றான். ஒருத்திக்கு ஊர் பஸ்ஸுக்கு இந்த வகுப்பு நேரம்தான் ஒத்துவருகிறதாம். பிரகாஷ் என்று ஒரு பையன், துடுக்கானவன். கணக்கு இல்லாத பாடம் எது என்று அலுவலகத்தில் விசாரித்தானாம், இதைக் காட்டினார்களாம்.

கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் அபிநயா. வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கடலோரக் கிராமம். அப்பா படகில் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். விடுதியில் தங்கிப் படிக்க வந்திருந்தாள். இவளாவது பிடித்து எடுத்தேன் என்று சொல்லுவாள் என்று ஒரு நப்பாசை. எழுந்து நின்று, நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "நர்சிங்குக்குப் போட்டிருக்கேன் சார், வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கேன். அது கெடைக்கிற வரைக்கும் இங்க உக்காந்திருக்கேன்."

படகு எந்தக் குழு?

முதல்நிலைக் குழு என்றால் முகத்துக்கு முகம் பார்த்துப் பழகி, மனசால் ஒட்டிப்போன சின்னக் கூட்டம். குடும்பம், கூட விளையாடுகிறவர்கள், இப்படி. இரண்டாம்நிலைக் குழு என்றால் ஒரு காரியத்துக்காகக் கூடுவது. காரியம் முடிந்ததும் அவரவர் வழி. அலுவலகம், தொழிற்சாலை, சங்கம். பத்தொன்பது வருஷமாக இதே உதாரணங்கள். என் வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். மனசு அதற்குள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஜன்னல் சீட்டு பிடித்திருக்கும்.

"படகுல போறவங்க இதுல எதுல சேத்தி சார்?" என்று அபிநயா கேட்டாள். கூலிக்குத்தானே போகிறார்கள், அதனால் இரண்டாம்நிலை என்றேன். அவள் உட்காரவில்லை. அஞ்சு பேர், மூணு நாள், ஒரே சட்டிச் சோறு, கோபம் வந்தால் எழுந்து போக இடம் கிடையாது, இது எப்படி சார் ஆபீஸ் மாதிரி ஆகும் என்றாள். புத்தகத்தைப் புரட்டினேன். எழுதியவர் படகில் ஏறினவர் மாதிரி தெரியவில்லை. அசடு வழிய, "பரீட்சைக்கு இரண்டாம்நிலைன்னே எழுதிடும்மா" என்று சமாளித்தேன். உள்ளுக்குள் என்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு பிள்ளையாவது நம்மை மடக்காதா என்று எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறோம்! அவள் விடுவதாக இல்லை: "கடல்ல ஒருத்தர் விழுந்தா மத்த நாலு பேரும் கூலிய நெனச்சா சார் குதிக்கிறாங்க?"

என் தகுதி

சம்பா நடவு தொடங்கியதும் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. அதற்குள் ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். ஒருத்தி பி.காமில் இடம் காலியானதும் அங்கே மாறிவிட்டாள். பதினாறு. அந்தக் கவலையோடு நின்றுதான் தகுதி என்ற பாடத்தை எடுத்தேன். பிறப்பால் தானாக வந்து ஒட்டிக்கொள்வது ஒரு தகுதி, முயன்று பெறுவது இன்னொரு தகுதி. உதாரணத்துக்கு வெளியே போவானேன் என்று என்னையே எடுத்துக்கொண்டேன். அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

எங்கள் வீடு ஒரு காலத்தில் மிராசு வீடு. நிலமெல்லாம் அப்பா இளவட்டமாக இருந்தபோதே கை மாறிவிட்டது. இருந்தாலும் ஊர்ப்பக்கம் போனால் டீக்கடையில், "மிராசு வீட்டுப் புள்ள வந்திருக்கு" என்று பெஞ்சைத் துடைத்துவிடுவார்கள். இது பிறப்பால் வந்தது என்றேன். முயன்று பெற்றதற்கு என் பி.எச்டி.யைச் சொன்னேன். ஆறு வருஷம் கஷ்டப்பட்டேன், ஆனாலும் இங்கே வருகைப் பதிவேட்டில் தற்காலிகக்காரர்களுக்கென்று தனியாக உள்ள கடைசிப் பக்கத்தில்தான் கையெழுத்துப் போடுகிறேன் என்றும் சேர்த்துச் சொல்லித் தொலைத்தேன். பிரகாஷ் ரொம்ப அக்கறையாகக் கேட்டான்: "அப்ப பொறப்புல வந்தது போயிடுச்சு, படிச்சு வாங்குனது இன்னும் வந்து சேரலைங்களா சார்?"

சின்ன நெறி

நெறி என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதாத சட்டம். மீறுகிற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. இதை எவ்வளவு சொன்னாலும் பிள்ளைகள் பேய் முழி முழிப்பார்கள். அதனால் ஒரு பயிற்சி கொடுத்தேன். வீட்டில் ஏதாவது ஒரு சின்ன நெறியை மீறிப் பாருங்கள், என்ன நடந்தது என்று எழுதி வாருங்கள். ஒரு பெண் இடது கையால் சாப்பிட்டு அம்மாவிடம் அடி வாங்கி வந்தாள். பிரகாஷ், வீட்டுக்கு வந்த மாமாவை "வாங்க" என்று கேட்காமல் இருந்தான். அப்பா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. ஒரத்தநாட்டிலிருந்து வரும் சந்தோஷ், காலையில் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்பதற்குப் பதிலாக "போறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். பிரமாதமான உதாரணம் என்று அவன் நோட்டில் எழுதிக்கூடக் கொடுத்தேன்.

மறுநாள் அவன் அம்மா ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் பேசினார். "அவங்க அப்பா ஒரு நாள் கோவத்துல 'போறேன்'னு சொல்லிட்டுத்தான் சார் வண்டிய எடுத்தாங்க. வல்லம் ரோட்டுல லாரி." எது சின்ன நெறி, எது பெரிய நெறி என்று நானாகவே முடிவு பண்ணியிருந்தேன். அந்த வீட்டுக்காரர்களை யார் கேட்டது? மூன்று தடவை மன்னிப்புக் கேட்டேன். இவ்வளவு வெட்கப்பட்டது என் சர்வீஸிலேயே கிடையாது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த வார்த்தைய வீட்டுப்பாடமாக் குடுக்காத பாடம் எதாச்சும் இருந்தா, அவன அதுல மாத்தி விட்டுருங்க சார்."

பதினைந்து

சந்தோஷ் போனதும் சரியாகப் பதினைந்து. ஹால் டிக்கெட்டுக்கு இன்னும் பத்து நாள். அந்த நாட்களில் நான் அடைகாக்கிற கோழிதான். எவனாவது இருமினால் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். யாரையும் திட்டவில்லை. ஐப்பசி மழையில் கூரை ஒழுகியபோதுகூட பெஞ்சை நானே நகர்த்திப் போட்டேன். ஆச்சரியம் என்னவென்றால், நடவு முடிந்த கையோடு எல்லாரும் ஒழுங்காக வர ஆரம்பித்தார்கள். என் பாடம்தான் பிடித்துவிட்டதோ என்று கொஞ்சம் மிதப்பாகக்கூட இருந்தேன்.

அன்றைக்குப் பாடம், பங்கு முரண்பாடு. ஒரே ஆளுக்கு இரண்டு பொறுப்பு. ஒன்று இந்தப் பக்கம் இழுக்கும், மற்றது அந்தப் பக்கம் இழுக்கும். உதாரணம் எழுதச் சொன்னால் பதினைந்து பேரும் கைடில் இருந்ததையே எழுதினார்கள்: போலீஸ்காரர் அப்பா, திருடன் மகன். "ஏம்ப்பா, உங்கள்ல ஒருத்தர் வீட்டுலகூடவா இதவிட நல்ல உதாரணம் இல்ல?" என்று அலுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அபிநயா ஒரு படிவத்தோடு வந்தாள். கடைசிச் சுற்றில் நர்சிங் இடம் கிடைத்துவிட்டது. நாளை மறுநாள் மாற்றுச் சான்றிதழோடு போய்ச் சேர வேண்டும். வகுப்பாசிரியன் என்ற முறையில் முதல் கையெழுத்து என்னுடையது. "ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். பொய் சொல்ல மாட்டேன், உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லப்போகிறேன்: கையில் பேனா இருந்தும் போடவில்லை. "நாளைக்கு வாம்மா" என்று அனுப்பிவிட்டேன். அவள் சிரிப்பு அப்படியே அடங்கிப் போனதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அலுவலகக் கண்காணிப்பாளர் நாகராஜன் நல்ல மனுஷர், என் கஷ்டம் தெரிந்தவர். அவள் கையிலிருந்த படிவத்தைப் பார்த்துவிட்டு, அவள் போனதும் என் காதோரம் சொன்னார்: "ஒரு வாரம் இழுங்க சார், ஹால் டிக்கெட் வந்துடட்டும். அந்தப் பொண்ணு அடுத்த வருஷம் நர்சிங் சேந்தா ஊரு என்ன கெட்டாப் போயிடும்?"

கையெழுத்து

மறுநாள் நான் போவதற்கு முன்பே ஸ்டாஃப் ரூம் வாசலில் அபிநயாவும் அவள் அம்மாவும் நின்றார்கள். அந்த அம்மா முதல் பஸ்ஸைப் பிடித்து, திருத்துறைப்பூண்டியில் மாறி வந்திருந்தார். கெஞ்சவில்லை, கேள்வி கேட்கவில்லை. "சாரப் பத்தித்தான் சார் போன்ல எப்பவும் பேசும். சாருக்கே நான் படகப் பத்திப் பாடம் எடுத்தேன்னு சொல்லும்" என்றார். உட்காரச் சொன்னேன்.

படிவத்தை மேஜையில் வைத்த அபிநயா, தலையைக் குனிந்துகொண்டு, "நான் போயிட்டா பதினாலுதானே சார்?" என்று கேட்டாள். தூக்கிவாரிப் போட்டது. யார் சொன்னது என்றேன். "வகுப்புல எல்லாருக்கும் தெரியும் சார். அதான் ஒருத்தரும் லீவு போடல. பிரகாஷ் கணக்கு வச்சு எல்லாரையும் வரவழச்சுக்கிட்டு இருக்கான்." கணக்கே வேண்டாம் என்று வந்த பயல்! நான் மாத்திரை வாங்கிக் கொடுத்து அவர்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பறை என்பது இரண்டாம்நிலைக் குழு என்று கரும்பலகையில் அவர்களுக்கு எழுதிப்போட்ட புண்ணியவானும் நான்தான்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அப்புறம் கையெழுத்தைப் போட்டேன். பத்தொன்பது வருஷத்தில் இங்கே போட்ட எத்தனையோ கையெழுத்தில் இது ஒன்றுதான் உருப்படியானது என்று அப்போது தோன்றியது. நேற்றே போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். நாகராஜன் உள்ளேயிருந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் மத்தியானத்துக்குள் சான்றிதழைத் தயார் பண்ணிக் கொடுத்ததும் அவர்தான்.

அம்மா முன்னால் நடக்க, அபிநயா வாசல் வரை போய்த் திரும்பினாள். ஏதோ பெரிதாகச் சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். அழுதுவிடுவாளோ என்றும் பயந்தேன். அவள் சாதாரணமாக, தினமும் வகுப்பு விட்டுக் கிளம்புகிற மாதிரியே சொன்னாள்: "போயிட்டு வரேன் சார்."

அந்தப் பருவம் முடிந்து கல்லூரியை விட்டுக் கிளம்பிய அன்று நானும் நாகராஜனிடம் அதையேதான் சொன்னேன்; திரும்பி வரப்போவதில்லை என்று எங்கள் இருவருக்குமே தெரியும் என்றாலும், பத்தொன்பது வருஷம் நடத்தியதில் எனக்கே மனப்பாடமான பாடம் அது ஒன்றுதான்.