தவிடு தின்னாத கன்று

பிறந்த வீட்டிலிருந்து சீதனமாக என்னோடு சீவலப்பேரிக்கு வந்த பசு, கன்று ஈன்ற மூன்றாம் நாள் செத்துப்போனது. கன்றுதான் மிச்சம். காலி மருந்துப் புட்டி ஒன்றைக் கழுவி, அதன் வாயில் பழந்துணியைத் திரியாகச் செருகி, அடுத்த வீட்டில் பால் வாங்கி இரண்டு மாதம் ஊட்டினேன். அதற்குள் அந்த வீட்டுப் பசுவுக்குப் பால் வற்றிவிட்டது. எனக்கும் வயிற்றில் ஏழு மாதம் ஆகிவிட்டது. இன்னும் எட்டு நாளில் தலைப்பிள்ளைப் பேறுகாலத்துக்கு என்னை அம்பாசமுத்திரத்துக்குக் கூட்டிப்போக அப்பா வருவார். கன்று அதற்குள் தவிடும் புல்லும் தின்னப் பழக வேண்டும். பழகாவிட்டால் சாகும், அவ்வளவுதான்.

எனக்குப் பொறுமை என்பதே கிடையாது. விரலைக் கழுநீரில் முக்கிச் சப்பக் கொடுத்து, அப்படியே அதன் முகத்தைப் பானைக்குள் இறக்குவேன். சவம், மூக்கையும் சேர்த்து முக்கிக்கொண்டு என் மேலெல்லாம் தும்மும். பிண்ணாக்கை ஊறவைத்துக் கன்னத்துக்குள் அப்பினால் நாக்கால் வெளியே தள்ளும். ஒரு அடி போட்டுவிட்டு, பிறகு நானே அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவேன். உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் தொழுவுக்குப் போக வேண்டும். நாலாம் நாள் என் உள்ளங்கையிலிருந்த தவிட்டை நக்கியது. அம்மாடி, அன்றைக்கு எனக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை.

ஆனால் என் கையில் மட்டும்தான் தின்றது. அதே தவிட்டை என் வீட்டுக்காரர் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தியது. அவர் அம்மா, என் அத்தை, நீட்டினாலும் அப்படித்தான். எனக்கு உள்ளூரப் பெருமைதான், பொய் சொல்வானேன். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு அம்பாசமுத்திரத்தில் நான் என்ன செய்ய?

விடியலில் வந்து சாணி அள்ளிப் போட்டுவிட்டு நடவுக்கு ஓடும் வேலைக்காரிதான் வழி சொன்னாள். "சின்னம்மா உடுத்துன சேலைய யாராவது சுத்திக்கிட்டுக் குடுங்க. வாசனைக்குத் திங்கும். பால் கறக்க ஆம்பளையே பொஞ்சாதி சேலையச் சுத்திக்கிட்டுப் போறதில்லையா?"

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் சேலை கட்டவா? ஊரு சிரிக்கும்ளா."

அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தொன்பது வயதில் கைக்குழந்தையோடு தாலியறுத்தவள். அன்றிலிருந்து இருபது வருஷமாக வெள்ளைச் சேலைதான். "சீ, வாயக் கழுவு," என்று வேலைக்காரியை விரட்டிவிட்டு என்னிடம் திரும்பினாள். "சவத்த விடுளா. பிழைச்சா பிழைக்குது. வயித்துப் பிள்ளைக்காரி எந்நேரமும் தொழுவுலயா கெடப்பா?"

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "உங்களுக்கு என்ன அத்தை, கல்லு நெஞ்சு!" என்று சொல்லிவிட்டேன். அத்தை அடுக்களைக்குள் போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் போய்ப் பேசவில்லை.

ஏழாம் நாள் உச்சிப்பொழுதில் என்னையறியாமல் கண்ணயர்ந்துவிட்டேன். திடுக்கிட்டு விழித்தபோது கன்றின் சத்தம் இல்லை. செத்துவிட்டது என்றே நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தொழுவுக்கு ஓடினேன்.

அங்கே அத்தை குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். காலையில் நான் அவிழ்த்துப் போட்ட, துவைக்காத அரக்குச் சேலையை உடுத்தியிருந்தாள். மேலே சும்மா சுற்றிக்கொள்ளவில்லை. கொசுவம் வைத்து, முந்தானையை இழுத்துச் செருகி, முறையாகக் கட்டியிருந்தாள். கன்று அவள் உள்ளங்கைத் தவிட்டை வழித்து வழித்துத் தின்றது.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் சிவந்துவிட்டது. "என்ன பாக்கே? கன்னு திங்குதுல்லா," என்றாள்.

அத்தை இத்தனை சின்னவள் என்று அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. நாற்பதுகூட ஆகவில்லையே அவளுக்கு! கல்லு நெஞ்சு என்று சொன்ன வாயை அங்கேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அப்போதுதான் புறவாசல் கதவு திறந்து கிடப்பது உறைத்தது. ஆற்றுக்குப் போகிற யாராவது எட்டிப் பார்த்தால் போச்சு, பிறகு அத்தை அந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். போட்டுவிட்டுக் கதவிலேயே சாய்ந்து நின்றேன்.

கன்றுக்கு வயிறு நிறைந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் வைக்கோலில் படுத்தது. அத்தை எழுந்திருக்கவில்லை. கை மட்டும் மடியில் கிடந்த சேலைக் கரையை நீவிக்கொண்டிருந்தது.

"இன்னொரு பிடி தவிடு எடுத்துட்டு வாளா," என்றாள். "பைய வா."